சொராரிட்டி மாநாடும் வாழ்நாள் அக்கா தங்கைகளும்

மல்லிகைப்பந்தல் (டெக்சாஸ்)

நம் வீடுகளில் சொராரிட்டி (அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் சேரும் சங்கம்) என்றாலே பிள்ளை கெட்டுப்போகும் இடம் என்றுதான் பேச்சு. பெரிய வீடு, இரவெல்லாம் பார்ட்டி, ஒரே மாதிரி உடுத்திய பெண்கள். அது போக இன்னொரு பக்கம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

2024 ஜூலையில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவின் மாநாடு டல்லாஸில் நடந்தது. கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட சங்கங்களில் கறுப்பினப் பெண்களுக்கான முதல் சங்கம் இது. 1908 ஜனவரி 15 அன்று வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஏ.கே.ஏ. என்று சுருக்கிச் சொன்னால் அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரியும். இரட்டைப்படை ஆண்டுகளில் 'பூலே' என்ற பெரிய மாநாடு, ஒற்றைப்படை ஆண்டுகளில் தலைமைப் பயிலரங்கு, இடையில் வசந்த காலத்தில் வட்டார மாநாடுகள் என்று ஓயாமல் ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும்.

எங்கள் மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சீனியர் நர்ஸ் இதில் உறுப்பினர். முழங்கால் ஆபரேஷன் முடிந்து கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நான்தான் கூட்டிப் போனேன். கூட்டத்துக்குள் வெளியாளுக்கு இடமில்லை, ஓட்டல் லாபியோடு சரி. ஆனால் அந்த லாபியே போதுமானதாக இருந்தது. எங்கு பார்த்தாலும் இளஞ்சிவப்பும் இளம்பச்சையும், கழுத்தில் முத்துமாலை. யாரோ ஒருத்தி உச்சஸ்தாயியில் 'ஸ்கீ-வீ' என்று கூவ, எஸ்கலேட்டரிலிருந்து பத்துக் குரல் பதில் கூவியது. நம்மூர்க் கோயிலில் ஒரு கிழவி குலவை போட்டால் தெருவே சேர்ந்துகொள்ளுமே, அப்படி.

எனக்குப் பிடித்துப்போன காட்சி ஒன்று. ஒரே ஆண்டில் ஒன்றாகச் சேர்ந்தவர்களை 'லைன் சிஸ்டர்ஸ்' என்கிறார்கள். சேரும்போது உயர வரிசையில் நிறுத்துவார்கள். குட்டையானவர் ஒன்றாம் எண், நெட்டையானவர் கடைசி. அந்த எண் சாகும்வரை மாறாது. எழுபது வயதைத் தாண்டிய ஐந்து பேர் போட்டோவுக்காக அந்த வரிசையில் நிற்க முயன்றார்கள். நான்காம் எண் அம்மாவுக்குக் கூன் விழுந்து மூன்றாம் எண்ணைவிடக் குட்டையாகிவிட்டார். போட்டோ எடுத்த பையன் அவரை இடம் மாற்றி நிற்கச் சொன்னான். 'என் நம்பர் நாலு, நான் இங்கேதான் நிற்பேன்' என்று ஒரே பிடி! மூன்றாம் எண் ஹீல்ஸைக் கழற்றிவிட்டு நின்றதும்தான் போட்டோ எடுக்க முடிந்தது.

கல்லூரி முடிந்து ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் சந்தா கட்டி, பிளைட் பிடித்து, தீர்மானங்களுக்கு ஓட்டுப் போட வருகிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது?

---

சந்தேகசாமி

காட்சி நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது அம்மா. கமலா ஹாரிஸ் அந்த மாநாட்டில் பேசினார் என்பதற்காக நம்மவர்கள் இதைத் தலையில் தூக்கிவைத்து ஆடவேண்டுமா? கல்லூரிக்குப் போனவர்கள் மட்டும், அழைத்தால் மட்டும், பணம் இருந்தால் மட்டும். சேரும் தொகையே சில இடங்களில் ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. அப்புறம் ஆண்டுச் சந்தா, மாநாட்டுக் கட்டணம், ஓட்டல், வெள்ளை உடை, முத்துமாலை. இதற்குப் பெயர் சகோதரத்துவமா? மேல்தட்டு கிளப் என்று சொல்லிவிட்டுப் போகலாமே.

---

இலைமறைகாய் (அட்லாண்டா)

சந்தேகசாமி சார், பணத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, அதை அவர்களே தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் 'மேல்தட்டு கிளப்' என்று முடித்துவிட்டால் பாதிக் கதை விட்டுப்போகும்.

1930-களில் மிசிசிப்பியில் நடந்ததைப் பாருங்கள். அப்போது ஏ.கே.ஏ. தலைவராக இருந்தவர் ஐடா ஜாக்சன், கலிபோர்னியாவில் ஓக்லாந்து நகரின் முதல் கறுப்பின ஆசிரியை. கிராமப்புற ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிற்சி நடத்தப் போனார்கள். போன இடத்தில் பிள்ளைகள் இருந்த நிலையைப் பார்த்த பிறகு, முதலில் இவர்களுக்கு உடம்பு தேறவேண்டும், படிப்பு அப்புறம் என்று முடிவெடுத்தார்கள். ஹோவர்டில் மருத்துவராக இருந்த டோரதி ஃபெரபீ தலைமையில் 1935 முதல் 1942 வரை கோடைதோறும் தன்னார்வலர்கள் அங்கே போனார்கள். ரயிலில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பெட்டி. அந்த அவமானம் வேண்டாமென்று சொந்தக் கார்களில் மருந்தும் தடுப்பூசியும் ஏற்றிக்கொண்டு ஓட்டினார்கள். போய்ச் சேர்ந்தால் அங்கே வேறு சிக்கல். தங்கள் கூலிகள் கிளினிக்குக்குப் போகப் பல பண்ணை முதலாளிகள் விடவில்லை. வடக்கிலிருந்து வந்த படித்த கறுப்பினப் பெண்கள் எதையாவது கிளப்பிவிடுவார்கள் என்ற பயம். சரி, அவர்கள் வரமுடியாவிட்டால் நாங்கள் வருகிறோம் என்று கார்களையே கிளினிக் ஆக்கிப் பருத்திக்காட்டு ஓரத்தில் நிறுத்தி அம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் ஊசி போட்டார்கள்.

இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஆசிரியைகள், நர்ஸுகள், சமூகப் பணியாளர்கள். கோடை விடுமுறையை இதற்குக் கொடுத்தார்கள். கல்லூரி முடிந்த பிறகும் சங்கம் தொடர்ந்ததால்தான் இது முடிந்தது. இருபது வயதுப் பெண்கள் மட்டும் இருந்தால் கார் யாரிடம் இருக்கும், மருத்துவப் பட்டம் யாரிடம் இருக்கும்?

---

கோவைக்காரன்

இலைமறைகாய், ஒரு சந்தேகம். ஹோவர்டிலேயே டெல்டா என்று இன்னொரு சங்கமும் இருக்கிறதே. ஒரே கல்லூரியில் எதற்கு இரண்டு?

---

இலைமறைகாய்

சண்டைதான், வேறென்ன! 1912-இல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஏ.கே.ஏ. பெண்கள் பெயரையும் நிறத்தையும் மாற்றவேண்டும், பொது விஷயங்களில் இன்னும் இறங்கவேண்டும் என்று ஓட்டெடுத்து முடிவு செய்தார்கள். ஏற்கெனவே பட்டம் வாங்கிப் போன நெல்லி குவாண்டர் அதை ஏற்கவில்லை. முடிவைத் திரும்பப் பெறக் கெடு வைத்துப் பார்த்தார், அவர்கள் மசியவில்லை. 22 பேர் விலகி 1913 ஜனவரி 13 அன்று டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். அதே மாதம் 29-ஆம் தேதி குவாண்டர் ஏ.கே.ஏ.வைச் சட்டப்படி பதிவு செய்து பெயரைக் காப்பாற்றிக்கொண்டார். டெல்டாக்கள் அதோடு நிற்கவில்லை. மார்ச் 3 அன்று, உட்ரோ வில்சன் அதிபராகப் பதவியேற்பதற்கு முந்தைய நாள், பெண்கள் வாக்குரிமைக்காக வாஷிங்டனில் நடந்த பெரிய ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போனார்கள். பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத சங்கம்!

---

கோவைக்காரன்

ஆக, பெயர் மாற்றுவதில் தகராறு, பிரிந்து போய்ப் புதுப் பெயர், பழைய ஆட்கள் ஓடிப்போய்ப் பதிவு செய்து பெயரைப் பிடித்துக்கொள்வது. அமெரிக்காவில் ஏதாவது ஓர் ஊரில் தமிழ்ச் சங்கச் செயற்குழுவில் இருந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லையே 😀

---

மல்லிகைப்பந்தல்

கோவைக்காரரே, ஒரே ஒரு வித்தியாசம். அவர்கள் இரண்டு சங்கமும் நூறு ஆண்டைத் தாண்டிவிட்டன. நம்முடையதில் பிரிந்த இரண்டும் அடுத்த பொங்கலுக்கே ஒரே ஹாலுக்கு அடித்துக்கொள்ளும்.

சந்தேகசாமி சாருக்கு. கமலாவை நான் இழுக்கவே இல்லை, நீங்கள்தான் இழுத்தீர்கள். இழுத்துவிட்டதால் சொல்கிறேன். அவர் ஹோவர்டில் 1986-இல் இதில் சேர்ந்தவர். அவருடைய லைனில் மொத்தம் 38 பேர். 2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை நிகழ்த்தியபோது 'சித்தி' என்ற சொல்லைக் கேட்டுத் தமிழ்நாடே துள்ளியது. அதே மூச்சில் 'குடும்பம்' என்று அவர் அடுக்கிய பட்டியலில் ஏ.கே.ஏ.வும் இருந்தது, அதை நம் பத்திரிகைகள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சமயத்தில் பைடன்–ஹாரிஸ் தேர்தல் நிதிக்குச் சரியாக 19.08 டாலர் என்று ஆயிரக்கணக்கான நன்கொடைகள் வந்து விழுந்தன. 1908-ஐ அப்படிக் குறித்தார்கள். என் நர்ஸ் அக்காவும் அனுப்பினார். இருபதாகக் கொடுத்தால் என்ன என்று கேட்டதற்கு அவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

---

சந்தேகசாமி

அவ்வளவும் செய்து 2024-இல் தோற்றாரே. ஜூலை 10 டல்லாஸ், ஜூலை 24 இண்டியானாபொலிஸில் ஸீட்டா ஃபை பீட்டா, மாதக் கடைசியில் ஹூஸ்டனில் சிக்மா காமா ரோ என்று கறுப்பினப் பெண்கள் சங்க மாநாடுகளுக்கு ஒன்று விடாமல் போனார். 24-ஆம் தேதி நெதன்யாகு அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசுகிறார், அங்கே தலைமை நாற்காலியில் உட்காரவேண்டியவர் ஸீட்டா மாநாட்டில் இருந்தார். இந்தச் சங்கங்கள் கட்சி சார்பற்றவை என்று ஒரு பேச்சு வேறு.

---

இலைமறைகாய்

சங்கம் என்ற முறையில் கட்சி சார்பற்றவைதான், எந்த வேட்பாளரையும் சங்கத்தின் பெயரில் ஆதரிக்கவில்லை. வாக்காளர் பதிவு, வாக்குச்சாவடிக்குக் கூட்டிப் போவது என்று வேலை செய்தார்கள். தனித்தனியாக யார் மனது எங்கே இருந்தது என்பது ஊருக்கே தெரியும், அதை யாரும் மறைக்கவில்லை. தோற்றதற்கு ஆயிரம் காரணம், அந்தப் பேச்சை இங்கே ஆரம்பித்தால் இழை திசைமாறிப் போய்விடும்.

---

வாசுகி_வடமராட்சி (டொராண்டோ)

வாசித்துக்கொண்டு வரும்போது எனக்கு எங்கட பழைய மாணவிகள் சங்கம்தான் நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களுக்கு டொராண்டோ, லண்டன், சிட்னி எண்டு கிளைகள் இருக்கு. வருஷம் ஒரு ஒன்றுகூடல், இரவு விருந்து, பள்ளிக்கீதம். சண்டைக்குப் பிறகு பள்ளிக்கூரை போட்டது, கணினி அறை கட்டினது எல்லாம் இந்தச் சங்கங்களின்ட காசுதான். ஆனா எங்களுக்குப் பின்னால வருகிற பிள்ளைகள் இல்லை. இங்கே பிறந்த என் மகள் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கண்டதே இல்லை, அவள் எப்படி அதில் சேருவாள்? மல்லிகை அக்கா, உங்கட நர்ஸ் அக்காவின் சங்கத்தில் இருபது வயதுப் பிள்ளைகளும் அதே மாநாட்டுக்கு வந்தவையா? அவையளுக்கு ஏதும் அதிகாரம் உண்டா, இல்லாட்டி தேநீர் ஊத்துறதுக்குத்தானா?

---

மல்லிகைப்பந்தல்

வாசுகி, அருமையான கேள்வி. இதை நானும் காரில் திரும்பும்போது கேட்டேன். படித்துக்கொண்டிருக்கும் பெண்களின் கிளைகளிலிருந்தும் பிரதிநிதிகள் வருகிறார்கள், ஓட்டும் உண்டு. அதைவிடப் பெரிது, சர்வதேச இரண்டாம் துணைத் தலைவர் பதவி கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கென்றே ஒதுக்கப்பட்டது. நீதிபதிகளும் பேராசிரியர்களும் உட்காரும் நிர்வாகக் குழுவில் இன்னும் பரீட்சை எழுதி முடிக்காத பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். டெல்டாவிலும் இதே மாதிரி மாணவிக்கு ஒரு துணைத் தலைவர் இடம் இருக்கிறது.

மரியாதை ஒரு பக்கம் தனியாக ஓடுகிறது. 25 ஆண்டு ஆனவர்கள் வெள்ளி, 50 ஆனால் தங்கம், 65 முத்து, 75 வைரம். வைரம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், வயது தொண்ணூற்றைத் தாண்டியிருக்கும். லாபியில் ஒரு சக்கர நாற்காலி வந்தபோது சோபாவில் செல்போன் நோண்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சட்டென்று எழுந்து நின்றார்கள். யாரும் சொல்லி எழுந்ததில்லை. அந்தப் பாட்டி நேரே ஒரு பெண்ணைப் பார்த்து, 'உங்கள் கிளை அறிக்கை இன்னும் வரவில்லையாமே?' என்று கேட்டார். அந்தப் பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. ஆசீர்வாதம் வாங்கப் போனவளிடம் கணக்குக் கேட்கும் பாட்டி! எனக்கு அங்கேதான் இந்தச் சங்கத்தின் மேல் மரியாதை வந்தது. பாசத்தை மட்டும் நம்பியிருந்தால் இது எப்போதோ கலைந்திருக்கும். சந்தா ரசீது, கூட்டக் குறிப்பு, அறிக்கைக்குக் கெடு என்று இழுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இறந்தவர்களுக்கும் ஒரு சடங்கு உண்டு. சங்கத்தின் அடையாளம் ஐவி இலை. இறந்தவரை 'மதிலுக்கு அப்பால் போன ஐவி' என்பார்கள். இறுதிச் சடங்கில் உறுப்பினர்கள் வந்து நின்று தங்கள் பங்குக்குச் செய்துவிட்டுத்தான் போவார்கள். பிள்ளை குட்டி இல்லாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம் என்று என் நர்ஸ் அக்காவைக் கேட்டால் தெரியும்.

---

நிலாச்சோறு_ஆஸ்டின்

இவ்வளவு நாள் வாசித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன், இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் தெற்காசியப் பெண்களின் சொராரிட்டி ஒன்றில் இருந்தவள், இருப்பவள். இந்த வகையும் டெக்சாஸில்தான் வேர் பிடித்தது. காப்பா ஃபை காமா 1998-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் தொடங்கியது. அப்புறம் வேறு சில. நான் எதில் என்று சொல்லமாட்டேன், அம்மாவும் இந்தத் தளத்துக்கு வருவார்.

எங்களுக்கு மாளிகையும் கிடையாது, பார்ட்டி வீடும் கிடையாது. யாராவது ஒருத்தியின் அபார்ட்மெண்ட் தரையில் உட்கார்ந்துதான் கூட்டம். தேசிய மாநாடு என்று முதல்முறை போனபோது மேடை, பேச்சு, நடனம் என்று நினைத்துக்கொண்டு போனேன். முதல் நாள் முழுவதும் விதித் திருத்தம்! ஒரு காற்புள்ளிக்கு முக்கால் மணிநேரம். 'பாயிண்ட் ஆஃப் ஆர்டர்' என்று ஒருத்தி எழுந்தால் இன்னொருத்தி 'அமெண்ட்மெண்ட்' என்று எழுவாள். செத்துப் பிழைத்தேன். ஆனால் இன்றைக்கு ஆபீஸ் கூட்டத்தில் பெரிய ஆட்கள் ஒருவரை ஒருவர் முந்திப் பேசும்போது 'முதலில் இந்த விஷயத்தை முடித்துவிடலாம்' என்று என்னால் சொல்ல முடிகிறது. அது அங்கே வந்தது.

மற்றதும் சொல்கிறேன். எல்லோரும் உயிருக்குயிரான தோழிகள் என்பது சும்மா. என் லைனில் இருவரோடு எனக்கு இன்றுவரை ஒத்துப்போகாது. ஆனால் அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் என்று நடுராத்திரியில் ஊரிலிருந்து போன் வந்தபோது, டிக்கெட் போட்டு, என்னை விமான நிலையத்தில் கொண்டுவிட்டு, என் நாயைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனவள் அந்த இருவரில் ஒருத்திதான். திரும்பி வந்த பிறகும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை, அது வேறு விஷயம்.

---

சந்தேகசாமி

நிலாச்சோறு, இதுதான் இந்த இழையில் நான் கேட்ட நேர்மையான பேச்சு. அக்கா தங்கை என்றால் பிடிக்காதவளும் அதில் இருக்கத்தானே செய்வாள். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கறுப்பினச் சங்கங்களை வைத்து மொத்த சொராரிட்டி உலகத்துக்கும் நற்சான்றிதழ் தரவேண்டாம். 2013-இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது? அங்குள்ள பாரம்பரிய வெள்ளையினச் சொராரிட்டிகள் கறுப்பினப் பெண்களை நிறத்துக்காகத் தள்ளுகின்றன என்று மாணவர் பத்திரிகையான கிரிம்ஸன் ஒயிட் அம்பலப்படுத்தியது. உள்ளே இருந்த பெண்களில் சிலர் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார்கள், முன்னாள் உறுப்பினர்கள் குறுக்கே நின்றார்கள் என்பதுதான் அந்தச் செய்தியின் மையம். கவனியுங்கள், நீங்கள் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் அதே 'வாழ்நாள் உறுப்பினர்'தான். மாணவர்கள் ஊர்வலம் போன பிறகுதான் கதவு திறந்தது. பழைய ஆட்கள் கையில் கயிறு இருந்தால் கிணற்றிலிருந்து தூக்கவும் செய்யலாம், கழுத்தில் மாட்டவும் செய்யலாம்.

---

இலைமறைகாய்

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை சார். ஏ.கே.ஏ.வும் டெல்டாவும் பிறந்ததே அந்த மற்ற கதவுகள் சாத்தியிருந்ததால்தான்.

---

திருச்சி_தேன்மொழி

மகள் இந்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள். தெற்காசிய சொராரிட்டி ஒன்றில் சேரட்டுமா என்று கேட்கிறாள். மாநாடு, தலைமைப் பயிற்சி எல்லாம் நல்லதுதான். எனக்கு பயம் ராகிங் மேல். வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்குவார்களாமே?

---

நிலாச்சோறு_ஆஸ்டின்

ஆன்ட்டி, பயம் நியாயமானது. சடங்கு ரகசியம் என்பது உண்மை, அதில் தப்பில்லை. அடி, தூக்கமில்லாமல் வைத்திருப்பது, அவமானப்படுத்துவது இதையெல்லாம் ரகசியம் என்ற பெயரில் மறைத்தால் அது குற்றம். கறுப்பினச் சங்கங்களின் கூட்டமைப்பு 1990-லேயே, சேர வருபவர்களை நாள்கணக்கில் சோதனைக்கு உட்படுத்தும் பழைய 'பிளெட்ஜிங்' முறையை நிறுத்தியது. நிறுத்தினாலும் மறைவில் நடந்தது, உயிர்ப்பலியும் இருந்திருக்கிறது. 2024 டிசம்பரில் நாடு முழுவதற்குமான சட்டம் ஒன்று வந்தது. கல்லூரிகள் இனி ராகிங் சம்பவங்களைக் கணக்கெடுத்து, எந்த அமைப்பு விதி மீறியது என்று வெளியிடவேண்டும். மகள் சேரப்போகும் சங்கத்தின் பெயரை வைத்து அந்தக் கல்லூரி இணையதளத்தில் முதலில் தேடிப் பாருங்கள்.

அப்புறம் அவளிடம் சொல்லுங்கள்: பட்டம் வாங்கி ஐந்தாறு வருடம் ஆன உறுப்பினர்கள் இரண்டு பேரிடமாவது பேசவேண்டும். நடப்பில் இருக்கும் பிள்ளைகள் ஆள் பிடிக்கும் அவசரத்தில் எல்லாம் இனிப்பாகத்தான் சொல்வார்கள். பழையவர்கள் சொல்வதில்தான் விஷயம் தெரியும். ஆண்டுச் செலவு மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள், மாநாட்டுச் செலவும் சேர்த்து. அதற்கு மழுப்பினால் வேண்டாம்.

---

திருச்சி_தேன்மொழி

நன்றிம்மா. எழுத்தில் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

---

நிலாச்சோறு_ஆஸ்டின்

கோபித்துக்கொண்டால் நல்லது ஆன்ட்டி, அங்கேயே தெரிந்துவிடும். எங்களிடம் வரும் பிள்ளைகள் கேட்டால் பொருளாளர் ஒரு எக்செல் ஷீட்டையே அனுப்பிவிடுவாள். அந்தப் பொருளாளர் வேலையை நான் செய்திருக்கிறேன், கேட்காமல் சேர்ந்துவிட்டு நடுவில் பணம் இல்லை என்பவர்களிடம் வசூல் செய்வதுதான் கொடுமை.